தலையளவு

அந்தப் புரட்டாசியில் ரிச்சர்ட் வீட்டில் உட்கார இடமில்லை. கட்டில்மேல் தொப்பி, பீரோ தலையில் தொப்பி, ஃப்ரிட்ஜ் மேல் தொப்பி, சமையல்கட்டுப் பரணில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் தொப்பி. எல்லாம் அசல் மாட்டுத்தோல். அகன்ற விளிம்பு, நடுவில் பள்ளம் விழுந்த உச்சி, சுற்றிலும் பின்னல் வார் வைத்த கௌபாய் தொப்பிகள். ஆம்பூரில் ரயில் பாதையை ஒட்டி அவன் வாடகைக்கு எடுத்திருந்த ஷெட்டில் முதல் மழைக்கே கூரை ஒழுகிவிட்டது. தோலில் ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும் என்று ஆட்டோ வைத்து அத்தனையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியிருந்தான்.

"கப்பல் லேட்டு. அதுவரைக்கும் இங்க இருக்கட்டும்" என்று கிருபாவிடம் சொல்லியிருந்தான்.

"லேட்டுன்னா எவ்ளோ லேட்டு?"

"ரெண்டு வாரம், மூணு வாரம். இன்னா, உனக்கு எடஞ்சலா இருக்கா?"

"எனக்கின்னா எடஞ்சல். படுக்க ஒரு பாய் அகலம் இருந்தா போதும்" என்றாள் கிருபா. அவள் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். விடிவதற்கு முன்னால் கிளம்பி, காட்பாடிக்கு ரயில் பிடித்து, அங்கிருந்து பஸ் ஏறிப் போகிறவள். திரும்பி வரும்போது கால் இரண்டும் பொங்கின பூரி மாதிரி இருக்கும்.

கப்பல் லேட்டு இல்லை. கப்பலே இல்லை. இந்த ஆர்டரைப் பிடித்துக் கொடுத்த ஏஜெண்ட் ஒவைஸ், ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் பிரியாணிக் கடை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டான்.

"ரிச்சர்ட் பாய், ஆர்டர் கேன்சல். அமெரிக்காவுல வரிய ஏத்திட்டாங்க. பையர் போனே எடுக்க மாட்டேன்றான்."

"கட்டிங் முடிச்சு, ஸ்டிச்சிங் முடிச்சு, உள்துணி வச்சு, விளிம்புக்குக் கம்பி கோத்து எல்லாம் ஆன அப்புறம் கேன்சலா?"

"உனக்கு மட்டுமா? பெரிய பெரிய கம்பெனியே லைன நிறுத்திகிட்டு இருக்கு. போன வாரம் வாணியம்பாடியில பாத்தேன், எல்லார் மூஞ்சியும் இப்படித்தான் இருக்கு. பேஜாராவாத. அல்லா ஒரு வழி உடுவான்."

"வழி உடட்டும் பாய். தொப்பிய யாரு எடுப்பா?"

ஒவைஸ் பல்லிடுக்கில் ஏலக்காய்த் தோலை நோண்டிக்கொண்டிருந்தான்.

அன்று முதல் ரிச்சர்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஷூ கம்பெனியில் கட்டிங் மேஜையில் நின்றே பாதி ஆயுசைக் கழித்தவன் அவன். ஒரு தோலை விரித்துப் போட்டால் எங்கே தழும்பு, எங்கே கொம்பு கிழித்த கோடு என்று விரலால் தடவியே சொல்லிவிடுவான். சொந்தமாகத் தொழில் செய்ய வேண்டும் என்ற ஆசை அவனுக்கு வெகு நாளாக உண்டு. வேலையை விட்டுவிட்டு இந்த ஆர்டரை எடுத்தபோது வந்த ஈஸ்டர் அன்று, சர்ச்சிலிருந்து திரும்பி வரும் வழியில், மார்பை நிமிர்த்திக்கொண்டு கிருபாவிடம் சொன்னான். "நீ வேலைய விட்டுடு. இன்னும் எத்தினி வருஷம் ரயில் புடிச்சு ஓடுவ? செக்கிங்கும் பேக்கிங்கும் நீ பாத்துக்க. நான் இருக்கேன்ல." கிருபா முதலில் சிரித்தாள். அப்புறம் ஒரு நாள், "மேட்ரன்கிட்ட சொல்லிட்டேன். செப்டம்பரோட முடியுது" என்றாள். பிளஸ் டூ படிக்கிற மகள் பெர்சிஸுக்குத்தான் ஏக சந்தோஷம். அம்மா இனிமேல் காலையில் வீட்டில் இருப்பாள்.

அவள் வேலையை விட்டாயிற்று, இவன் தொழில் கவிழ்ந்தாயிற்று. இதை எந்த வாயால் சொல்வது? ஒவ்வொரு ராத்திரியும் சொல்லிவிடலாம் என்றுதான் பாயில் உட்காருவான். அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அவளுடைய கடைசி நாள் வருவதற்குள் தொப்பிகளைத் தலைமுழுகிவிட்டால், கொஞ்சம் கெட்டது, கொஞ்சம் மிஞ்சியது என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்காகக் காலில் வெந்நீர் கொட்டியவன் மாதிரி ஓட ஆரம்பித்தான். காலையில் ஒரு பெரிய ரெக்சின் பையில் தொப்பிகளை அடுக்குவான். "ஒவைஸ் குடோன்ல பேக்கிங் நடக்குது, கொஞ்சம் கொஞ்சமா அனுப்பறோம்" என்பான். கிருபா அவனைப் பார்ப்பாள். "ம்" என்பாள். அவ்வளவுதான்.

முதலில் பைபாஸ் ஓரம் நின்றான். பெங்களூரு கார்கள் பிரியாணிக்காக நிற்கிற இடம். பையன்கள் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, செல்போனில் படம் பிடித்து, "சூப்பர் அங்கிள்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் முழுக்க நின்றதில் தோலில் விரல் ரேகைதான் ஏறியது.

அப்போதுதான் பஸ்ஸில் ஒரு குடும்பத்தைப் பார்த்தான். அப்பன், மூன்று பிள்ளைகள், எல்லோரும் புது மொட்டை. சந்தனம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஜன்னல் வழியாக வெயில் விழ, கடைசிப் பிள்ளை தலைக்கு மேலே தன் செருப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. சோளிங்கர் பெருமாள் மலையில் முடி இறக்கிவிட்டு வருகிறார்கள்.

மறுநாள் பச்சையப்பனிடம் சொன்னான். பச்சையப்பன் கம்பெனியிலிருந்து இவனை நம்பி வேலையை விட்டுக் கூடவே வந்த தையல்காரன்.

"அண்ணா, உனக்கு புத்தி கெட்டுப் போச்சா? புரட்டாசி சனிக்கிழம. பெருமாள் மலை. நானே கவுச்சி தொடாம விரதம் இருக்கேன். நீ இன்னாடான்னா மாட்டுத்தோல எடுத்துகினு போலாம்ன்ற."

"மாட்டுத்தோல்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா? கேட்டா ரெக்சின்னு சொல்லு."

"பெருமாளுக்கு ரெக்சினுக்கும் தோலுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"பெருமாள் வந்து வாங்கப் போறதில்ல பச்சையப்பா. மொட்டத்தல காயுது. நிழல் வேணும். அவ்ளோதான்."

"இது பாவம்ணா."

"தச்சவன் நீ, வெட்டினவன் நான். பாதிப் பாதி எடுத்துக்கலாம் வா."

புரட்டாசி வெயில் பொன்னுருகக் காயும் என்பார்கள். அந்தச் சனிக்கிழமை சோளிங்கர் அடிவாரத்தில் பொன் மட்டுமல்ல, தார் ரோடும் உருகியது. குளத்தில் முழுகிவிட்டு வந்த கூட்டம் படிக்கட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. எங்கு பார்த்தாலும் மொட்டை. ரிச்சர்ட் ஒரு தேங்காய்க் கடை ஓரமாகத் துணியை விரித்தான். கடைக்காரி அமிர்தவள்ளி தேங்காய், சூடத்தோடு குரங்கை விரட்டுவதற்குக் கம்பும் விற்றுக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, சினிமா ஷூட்டிங்கா?" என்றாள்.

"வெயிலுக்கும்மா. மொட்ட அடிச்சவங்களுக்கு."

"நல்ல யோசனதான். அப்படி ஓரமா போட்டுக்கோ. வழிய மறைக்காத."

அரை மணியில் வியாபாரம் சூடு பிடித்தது. திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் தனக்கும் இரண்டு பையன்களுக்கும் வாங்கிப் போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். "இன்னா சரக்கு இது?" என்று ஒருவர் கேட்டார். ரிச்சர்ட், "ரெக்சின் சார், ஃபாரின் ரெக்சின்" என்றான். பச்சையப்பன் மலைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

திருத்தணிக்காரர் படிக்கட்டில் காலை வைத்திருக்க மாட்டார். எங்கிருந்தோ ஒரு கடுவன் குரங்கு குதித்து அவர் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு வளைவின் மேல் ஏறிவிட்டது. கூட்டம் ஓவென்று சிரித்தது. குரங்கு தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது, முகர்ந்தது, விளிம்பைக் கடித்து இழுத்துக் கிழித்தது. ஒரு துண்டு கீழே விழுந்தது. கூட்டத்தில் நின்ற கிழவர் ஒருவர் அதை எடுத்து மூக்கில் வைத்தார். சிரிப்பு அவர் முகத்திலிருந்து போய்விட்டது.

"யோவ், இது ரெக்சின் இல்ல. தோலு."

"இல்லீங்க பெரியவரே, ஃபாரின்..."

"ராணிப்பேட்டை தோல் ஷாப்புல சுண்ணாம்புக் குழியில நின்னு காலு வெந்தவன்யா நான். எனக்கே ரெக்சினா? மாட்டுத்தோல்யா இது!"

அடுத்த நிமிஷம் துணியைச் சுற்றி ஆள் கூடிவிட்டது. திருத்தணிக்காரர் பையன்கள் தலையிலிருந்து தொப்பிகளைப் பிடுங்கி வீசினார். "சாமி மலையில, அதுவும் இந்த மாசத்துல, செத்த மாட்டுத்தோல எம் புள்ள தலையில வச்சியா?" என்று சட்டையைப் பிடித்தார். ஒருவன் செல்போனை நீட்டிப் படம் பிடிக்க ஆரம்பித்தான். "உம் பேரு இன்னா? எந்த ஊரு? பேர சொல்லு" என்றான் இன்னொருவன். பேரைச் சொன்னால் என்ன ஆகும் என்று ரிச்சர்டுக்குத் தெரியும்.

அமிர்தவள்ளி கடையை விட்டு இறங்கி வந்தாள். கையில் குரங்குக் கம்பு.

"கைய எடு மொதல்ல. கீழ குந்திகினு விக்கிறான், மேலயா ஏத்தினான்? நீங்கள்ளாம் செருப்பக் கழட்டி எங் கடை ஓரமாத்தான் உட்டுகீறீங்க. அது இன்னா வாழ மட்டையில செஞ்சதா? நான் அதத் தாண்டித் தாண்டித்தான் சூடம் விக்கிறேன். காசத் திருப்பிக் குடுத்துடுவான். வாங்கிகினு மலை ஏறுங்க. நடை சாத்திடப் போறாங்க."

முணுமுணுத்துக்கொண்டே கூட்டம் கலைந்தது. ரிச்சர்ட் எல்லோருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தான். பையைக் கட்டும்போது அமிர்தவள்ளி கிட்டத்தில் வந்தாள்.

"தோல் வித்தது இல்ல நைனா தப்பு. தெரியாதவன் தலையில பொய் சொல்லி வச்ச பாரு, அதான். இங்க நிக்காத. அடுத்த பஸ்சப் புடி."

பஸ் வாலாஜா தாண்டின பிறகு பச்சையப்பன் வாயைத் திறந்தான். "அண்ணா, நாளையிலேர்ந்து நான் வரல. குடியாத்தத்துல மச்சான் தறி போட்டிருக்கான். லுங்கி மடிச்சுக் கட்டறதுக்கு ஆள் கேக்கறான்."

"இன்னிக்கி நடந்ததுக்காகவா?"

"அதுக்காகவும்தான். வீட்ல உலை வைக்கணும் இல்ல. கோச்சுக்காத."

"நான் யாரு கோச்சுக்க" என்றான் ரிச்சர்ட். வேலூரில் பஸ் நின்றதும் பச்சையப்பனிடம் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிவிட்டான். வீட்டுக்குப் போக மனசில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு கால் போன பக்கம் நடந்தான்.

கால் ஆஸ்பத்திரிப் பக்கத்து லாட்ஜ் தெருக்களுக்குக் கொண்டுபோனது. வெளிமாநிலத்து ஜனங்கள் மாசக் கணக்கில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்கிற தெருக்கள். பெயர்ப்பலகைகளில் வங்காள எழுத்து. லாட்ஜ் வராந்தாக்களில் ஸ்டவ் வைத்துக் கடுகெண்ணெயில் மீன் பொரிக்கிற வாசனை. மருந்துச் சீட்டும் எக்ஸ்ரே கவருமாக மனுஷர்கள் சுவர் ஓரத்து நிழலிலேயே நடந்துகொண்டிருந்தார்கள். இங்கும் முடியில்லாத தலைகள். இது வேண்டுதல் மொட்டை இல்லை. புருவம் கூட இல்லாத முகங்கள். துண்டு, மஃப்ளர், முக்காடு என்று எதையாவது போட்டு மறைத்துக்கொண்டு நடந்தார்கள்.

ரிச்சர்ட் ஒரு மருந்துக்கடைக்கு எதிரே பையை இறக்கினான். இந்த முறை கேட்டவர்களிடம் தோல் என்றே சொன்னான். அவனுக்கு வந்த ஆம்பூர் உருதுவும் அவர்களுடைய இந்தியும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன. அன்று பொழுது சாய்வதற்குள் கொஞ்சம் விற்றது. மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். கிருபா வேலை செய்கிற இடம் இரண்டு தெரு தள்ளித்தான். அவள் ஷிஃப்டு முடிந்தால் வேறு வாசல் வழியாகப் பஸ்ஸுக்குப் போய்விடுவாள். அந்த நேரத்துக்குள் பையைக் கட்டிவிடலாம் என்பது கணக்கு. ஆனாலும் வெள்ளைப் புடவையோ வெள்ளைச் சுடிதாரோ தெருமுனையில் தெரிந்தால் தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொள்வான்.

ஒரு நாள் மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து வந்த புருஷன் பெண்சாதி வந்தார்கள். அந்த மனுஷர் ஒல்லி. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்க்க மாட்டேன் என்றார். பெண்சாதிதான் ஒவ்வொரு தொப்பியாக எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தாள். எதைப் போட்டாலும் கண்ணுக்குக் கீழே இறங்கியது. அமெரிக்கத் தலைகளுக்கு வெட்டிய தொப்பி.

"சின்னது இல்லியா, தாதா?" என்றாள். அவர்கள் பேச்சில் அண்ணன் தாதா, அக்கா தீதி.

"ஒரு நிமிஷம் இருங்க தீதி" என்றான் ரிச்சர்ட். மருந்துக்கடை வாசலில் கிடந்த அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து, பட்டையாக மடித்து, தொப்பிக்குள் நெற்றிப் பட்டைக்கு அடியில் சுற்றிச் சொருகினான். இப்போது அச்சடித்தாற்போல் உட்கார்ந்தது. அந்த மனுஷர் மருந்துக்கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். அவர் சிரித்ததைப் பார்த்துப் பெண்சாதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரிச்சர்டுக்கு அன்று ராத்திரி, வெகு நாளைக்கப்புறம், கொஞ்சம் தூக்கம் வந்தது.

அதற்கு அடுத்த வாரம். மத்தியானம். யாரோ ஒரு பிள்ளைக்காக அட்டையை மடித்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

"எவ்ளோ?"

"நானூறு. உங்களுக்குன்னா கம்மி பண்ணி..." என்று நிமிர்ந்தான்.

தோளில் டூட்டிப் பையோடு கிருபா நின்றிருந்தாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. "பையக் கட்டுங்க" என்றாள். கட்டினான். எதிர்ச்சாரியில் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவனும் போய் உட்கார்ந்தான். நடுவில் தொப்பிப் பை.

"கப்பல் வரவேயில்ல. அப்படித்தான?"

"வரி ஏத்திட்டாங்க கிருபா. ஆகஸ்ட் கடைசியிலயே ஒவைஸ் சொல்லிட்டான்."

"டிவியில அன்னிக்கே சொன்னாங்க. நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். தெனம் காலையில பையக் கட்டறீங்க, தெனம் பாக்கறேன்."

"எந்த மூஞ்ச வச்சிகினு சொல்றது? நான்தான உன்ன வேலைய உடச் சொன்னேன். நீயும் உட்டுட்ட. மாசக் கடைசி வந்துடுச்சி."

கிருபா டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஆவியை ஊதினாள். குடிக்கவில்லை.

"நான் விடல" என்றாள்.

"இன்னா?"

"மேட்ரன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொல்லிட்டேன்னு உங்ககிட்ட சொன்னேன். செப்டம்பர் வந்தா, இன்னும் ரெண்டு மாசம் இருக்கச் சொல்றாங்கன்னு இழுக்கலாம்னு இருந்தேன்."

ரிச்சர்டுக்கு முதலில் நெஞ்சில் தண்ணீர் ஊற்றினாற்போல் இருந்தது. ஒரு மாசமாக முதுகில் ஏறியிருந்த மூட்டை இறங்கிவிட்டது. அந்தக் குளிர்ச்சி அடங்குவதற்குள் வேறு ஒன்று காந்த ஆரம்பித்தது.

"அப்போ ஆரம்பத்துலயே முடிவு கட்டிட்ட. நான் கவுந்துடுவேன்னு."

"உங்கள நம்பினேன். அந்த அமெரிக்காக்காரனத்தான் நம்பல."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணில்ல."

"நான் பேருக்கு ஒரு பையர வச்சிகிட்டு ஓடறேன், நீ எனக்குத் தெரியாம ஒரு வேலைய வச்சிகிட்டு ஓடற. ஈஸ்டர் அன்னிக்கி சிரிச்சியே, அதுவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

"சிரிச்சது சந்தோஷத்துலங்க." அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "விட்டுடுன்னு இத்தினி வருஷத்துல யாரும் என்கிட்ட சொன்னதில்ல. அதுக்காகச் சிரிச்சேன். அப்புறம் ரயில்ல உக்காந்து யோசிச்சேன். பெர்சிஸ் படிப்பு இருக்கு. பயந்துட்டேன். அவ்ளோதான். சண்டைய வீட்ல போய்ப் போட்டுக்கலாம். நான் இங்க வந்தது அதுக்கில்ல."

"வேற எதுக்கு?"

"மால்டாக்காரர் ஒருத்தருக்குத் தொப்பி வித்தீங்களா? உள்ள அட்ட வச்சு?"

அவன் தலையாட்டினான்.

"எங்க வார்டுக்குத்தான் வர்றாரு. மூளையில கட்டி. ஆபரேஷன் பண்ண தலை. அதுக்கு மேல கரண்டு வைக்கிறாங்க, ரேடியேஷன். அந்தத் தோலு இப்ப வெந்த கெழங்கு மாதிரி. தொட்டா உரியும். நீங்க மடிச்ச அட்ட சரியா தழும்பு மேல உரசுது. இன்னிக்கிக் கழட்டிப் பாத்தா ரத்தமும் சீயுமா அட்டையோட ஒட்டிகிட்டு வருது. தொப்பியப் பாத்ததும் யாருதுன்னு தெரிஞ்சுடுச்சி. எங்க வாங்கினீங்கன்னு கேட்டேன். வெளிய ஒருத்தர் இருக்காரு, உசரமா, ரொம்ப நல்ல மனுஷன்னு சொல்றா அந்தம்மா."

ரிச்சர்ட் தன் விரல்களைப் பார்த்தான். எந்தத் தோலில் எங்கே தழும்பு என்று தடவிச் சொல்கிற விரல்கள்.

"நான் தலையப் பாக்கல கிருபா. துண்டு கட்டியிருந்தாரு. தொப்பி உக்காந்துச்சா இல்லியான்னுதான் பாத்தேன்."

"கழட்டி வைங்கன்னு சொன்னேன். கேக்க மாட்டேன்றாரு. மொட்டத்தலையோட நாலு பேர் நடுவுல நடக்க வெட்கமாம். கட்டுப் போட்டு அது மேலயே தொப்பிய வச்சிகிட்டுப் போயிட்டாரு. இந்தத் தெருவுலதான் லாட்ஜு. நீங்க சொன்னாதான் கழட்டுவாரு. வாங்க."

மிச்சத் தொப்பிகள் தீபாவளிக்கு முன்னால் ஒவைஸ் மூலமாக மொத்தமாய் ஊட்டிப் பக்கம் ஒரு கடைக்குப் போய்ச் சேர்ந்தன, தோல் விலை கூடத் தேறவில்லை. ரிச்சர்ட் மறுபடியும் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் மேஜைக்குப் போனான். கிருபா இன்றைக்கும் அந்த ரயிலில்தான் போகிறாள். வீட்டில் போட்டுக்கலாம் என்ற சண்டையும் பாக்கி இல்லாமல் நடந்தது, அந்த ஈஸ்டர் சிரிப்பை வைத்து வாரக் கணக்கில். அதெல்லாம் பின்னாடி. அன்று மத்தியானம் இரண்டு பேரும் லாட்ஜ் மாடிப்படி ஏறினார்கள்.

அறை, இரண்டு கட்டில் போட்டால் நடக்க வழியில்லாத அறை. ஜன்னல் கம்பியில் துணி காய்ந்தது. மால்டாக்காரர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், தலையில் தொப்பி. ரிச்சர்டைப் பார்த்ததும் எழுந்து கும்பிடப் போனார். ரிச்சர்ட் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தான். "தாதா, தப்பு என்னுது. நான் அளவு பாக்கல. ஒரு தடவ பாத்துடறேன்" என்று தன் உருதுவில் சொன்னான். அவர் பெண்சாதியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். கையை உயர்த்தி அவரே தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார்.

கிருபா கட்டுத் துணியை மெல்ல நகர்த்திக் காட்டினாள். ஒரு காதிலிருந்து உச்சி வரைக்கும் வளைந்து போன தையல். சுற்றிலும் கருகி, சிவந்து, பளபளத்த தோல். ரிச்சர்ட் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தான். மீடியம், லார்ஜ், எக்ஸ்ட்ரா லார்ஜ் என்று அத்தனை தொப்பி வெட்டியிருந்தான். ஒரு மனுஷத் தலையை அளந்ததே இல்லை. டேப் புண்ணில் படாமல் காற்றில் பிடித்தபடி சுற்றினான். தலையின் சூடு விரலில் அடித்தது. காதுக்குப் பின்னால் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. நெற்றியிலிருந்து பிடரிக்கு ஒரு அளவு. காதிலிருந்து காதுக்கு ஒரு அளவு. தழும்பு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தனியாக ஒரு அளவு.

"எந்தத் துணி?" என்று கிருபாவைக் கேட்டான்.

"மல்லுத் துணி. பழைய வேட்டி மாதிரி இருக்கணும். தையல் எதுவும் உள்பக்கம் வரக் கூடாது."

கீழே இறங்கி ஜவுளிக்கடையில் துணி வாங்கினான். லாட்ஜுக்குக் கீழே நைட்டி தைக்கிற ஒருவரிடம் மிஷினைக் கேட்டு உட்கார்ந்தான். தோலை வெட்டியே பழகின கைக்கு அந்தத் துணி வழுக்கிக்கொண்டு ஓடியது. முதல் தொப்பி கோணிவிட்டது. பிரித்துப் போட்டு மறுபடி வெட்டினான். கிருபா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வீங்கின காலை நீட்டிக்கொண்டு, "அந்தப் பக்கம் மடிப்பு தடிக்குது பாருங்க" என்றாள். அவன் மடிப்பைப் பிரித்தான். தையலெல்லாம் வெளிப்பக்கம் வரும்படி, தழும்பு ஓடுகிற இடத்தில் இணைப்பே இல்லாமல், ஒரே துண்டாக வளைத்துத் தைத்து முடித்தபோது தெருவில் விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள்.

மால்டாக்காரர் துணித் தொப்பியைப் போட்டுக்கொண்டு அசையாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், எங்கே வலிக்கப் போகிறது என்று காத்திருக்கிறவர் மாதிரி. வலிக்கவில்லை போல. தோளை இறக்கினார்.

ரிச்சர்ட் தொப்பிக்கு வாங்கின காசை எடுத்து அவர் பெண்சாதியிடம் நீட்டிவிட்டு, தோல் தொப்பியை எடுக்கப் போனான். அந்த மனுஷர் அதைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"இது இருக்கட்டும், பாய். ஊர்ல எனக்கு மாந்தோப்புக் காவல். வைகாசியில பகல் பூரா வெளியிலதான் நிப்பேன். முடி வளந்ததும் இதப் போட்டுகிட்டு நிக்கணும். பசங்க தோப்புக்குள்ள கால வைக்க மாட்டானுங்க." விளிம்பைத் தடவினார். "எங்க பக்கம் மழ ஜாஸ்தி. இத எப்படி வச்சிருக்கணும்?"

ரிச்சர்ட் கிருபாவைப் பார்த்தான். அவள் ஜன்னலில் காய்கிற துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய ஸ்கேனைப் பார்த்தவள் அவள். அந்த முகத்தில் என்ன இருந்தது என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். தொப்பிக்குள்ளிருந்து கறை பிடித்த அட்டையை உருவிப் போட்டான். "பிளாஸ்டிக் கவர்ல மட்டும் போட்டு வைக்காதீங்க தாதா" என்று ஆரம்பித்தான். "தோலுக்கு மூச்சு வேணும். நனஞ்சா துணியால ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. மழக்காலம் முடிஞ்சதும் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய், துணியில நனச்சு, மேலாப்ல. அப்படி வச்சிருந்தா உங்க பேரன் போடுவான்."

அந்த மனுஷர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பெண்சாதியைப் பார்த்து, "கேட்டுக்கிட்டியா?" என்றார்.

கிருபா ஜன்னலிலிருந்து திரும்பினாள். கட்டிலுக்கு வந்து அவருடைய துணித் தொப்பியின் ஓரத்தைக் காதுக்கு மேலே சரிசெய்தாள். பிறகு தன் அரைகுறை இந்தியில், வார்த்தை வார்த்தையாகத் தேடிச் சொன்னாள்.

"எண்ணெய் போட்டதும் வெயில்ல வைக்காதீங்க. நெழல்ல காய வைங்க. ஒவ்வொரு வருஷமும்."